ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம் பழைய பாட்டு: எப்படி அடுக்குவது?

தாரணி_வெள்ளவத்தை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 26 வயது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சின்னதாக ஓர் இணைய வானொலி நடத்துகிறோம். காசு வருகிற வேலை இல்லை. ஒரு கணினி, ஒரு மைக், மாதாமாதம் கைவிட்டுப் போகும் கட்டணம், அவ்வளவுதான். ஞாயிறு காலை ஆறரை முதல் எட்டரை வரை பழைய பாட்டுப் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

நான் செய்தது இதுதான். 1950 முதல் 1980 வரையான பாட்டுகளில் முந்நூறைத் தேடிச் சேர்த்தேன். மென்பொருளிடம் கலைத்துப் போடச் சொன்னேன். ஒன்று முடியும்போதே அடுத்தது மெல்ல மேலே வரும்படி வைத்தேன். பேச்சே இல்லை. மூன்று வாரம் அப்படிப் போனது. கேட்டவர்கள் பதினொரு பேர். அதில் ஒருவர் என் அப்பம்மா.

அப்பம்மாவுக்கு 84. பார்வை மங்கிவிட்டதால் ரீவீ பார்ப்பதில்லை, காது மட்டும் கத்திபோல. மூன்றாம் ஞாயிறு ஏழு மணிபோலக் கூப்பிட்டு, "பாட்டெல்லாம் நல்ல பாட்டுத்தான் பிள்ளை. ஆனா இது ரேடியோ இல்லை, பாட்டுப் பெட்டி" என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "சிலோன் ரேடியோவில இப்பிடி இல்லை" என்பதோடு சரி, அதற்கு மேல் அவருக்கும் விளக்கத் தெரியவில்லை.

நான் பிறந்தபோது சூரியன், சக்தி என்ற தனியார் எப்எம் வானொலிகள் வந்துவிட்டன. அதற்கு முந்தியது எனக்குக் கதையாகத்தான் தெரியும். அந்தக் காலத்தில் பாட்டை எப்படித் தெரிந்தெடுத்தார்கள், எப்படி அடுக்கினார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன். வரலாறும் சேர்த்துச் சொன்னால் நிகழ்ச்சியில் இரண்டு வரி பேசவும் உதவும்.

---

சிற்றலை25 எழுதியது:

வரலாற்றை நான் சுருக்கமாகத் தருகிறேன், அடுக்கும் வித்தையை வேறு யாராவது சொல்லட்டும்.

கொழும்பில் தந்தித் திணைக்களத்தில் இருந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்பவர் 1923இல் பரிசோதனை ஒலிபரப்பு நடத்தினார். ஒழுங்கான சேவை 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. அந்தக் கணக்கில் ஆசியாவிலேயே மூத்த நிலையங்களில் இது ஒன்று. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் தன் சிப்பாய்களுக்காக இங்கிருந்து ஒரு வானொலி நடத்தியது. அதற்கென ஏக்கலையில் நட்ட 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி போர் முடிந்த பிறகு இலங்கை அரசின் கைக்கு வந்தது. யாரோ சண்டைக்குக் கொண்டுவந்த இயந்திரம் நமக்குச் சினிமாப் பாட்டு அனுப்பியது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

1949இல் ரேடியோ சிலோன் தனித் திணைக்களம் ஆனது. கொழும்புத் திட்டத்தில் வந்த அவுஸ்திரேலியர் கிளிஃபர்ட் டொட்டின் பொறுப்பில் 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. எல்லாம் மாறியது அங்கேதான். 1952இல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் இல்லாமல் செய்தார். பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட இந்தியா முழுவதும் ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பியது. அமீன் சயானியின் புகழ்பெற்ற இந்தி நிகழ்ச்சி பம்பாயில் பதிவாகி, நாடா விமானத்தில் கொழும்புக்கு வந்து, இங்கிருந்து திரும்ப இந்தியாவுக்கே போனது! அங்கே 1957இல் விவித் பாரதி தொடங்கும் வரை நமக்குப் போட்டி என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

தமிழ் வர்த்தக ஒலிபரப்பின் முதல் அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனம். 1967இல் திணைக்களம் கூட்டுத்தாபனம் ஆனது. 1972இல் நாடு குடியரசானதும் பெயரும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. சனங்கள் கடைசிவரை சிலோன் ரேடியோ என்றுதான் சொன்னார்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய பாட்டு என்றால் உரிமை கேட்க ஆள் இல்லாத பாட்டு என்று நினைக்க வேண்டாம். இங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்தவர் இறந்த பிறகும் 70 ஆண்டுகளுக்கு உரிமை உண்டு. பதினொரு பேர் கேட்கிற நிலையமானாலும் அதை விசாரித்து வையுங்கள்.

---

பழைய கொப்பி எழுதியது:

மகள், உங்கள் அப்பம்மா சொன்னது நூறு வீதம் சரி. ஆனால் அவரால் ஏன் விளக்க முடியவில்லை என்றும் எனக்குத் தெரியும். மீனிடம் போய்த் தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்கிற கதை அது.

நான் 1978 முதல் உங்கள் ஊரில்தான், காலி வீதியில் சவோய் தியேட்டரைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், ஒரு ரெக்கோடிங் பார் வைத்திருந்தேன். குடிக்கிற பார் இல்லை. வெறும் கசெட்டும் பாட்டு லிஸ்ட்டும் கொண்டுவந்து தந்தால், ரெக்கோட்டிலிருந்து பதிந்து இரண்டு நாளில் கொடுக்கிற கடை. 77க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட்டதும், மத்திய கிழக்குக்குப் போனவர்கள் ரேடியோவும் கசெட்டும் சேர்ந்த டூ இன் வன்னை ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு வந்ததும் எங்களுக்கு நல்ல காலமாகப் போயிற்று.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பாட்டின் முதல் வரி தெரியாது. "வெள்ளிக்கிழமை காலமை பொங்கும் பூம்புனல்ல ரெண்டாவதாப் போட்டாங்களே அண்ணை, புல்லாங்குழலோட தொடங்கும்" என்று சொல்வார்கள். வானொலியில் வந்த நேரந்தான் பாட்டுக்கு முகவரி. அதனால் எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. காலையிலிருந்து கடையில் ரேடியோ ஓடும். என்ன நிகழ்ச்சி, எத்தனையாவது பாட்டு, என்ன படம் என்று ஒரு எண்பது பக்கக் கொப்பியில் எழுதிக்கொண்டே இருப்பேன். ஒன்று முடிய இன்னொன்று. இப்படி ஒன்பது கொப்பி சேர்ந்தது.

83 ஜூலைக் கலவரத்தில் கடையும் நானூற்றுச் சொச்சம் ரெக்கோட்டும் எரிந்துபோயின. கணக்குப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த ஒரு கொப்பி மட்டும் மிஞ்சியது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. ஆனால் நான் சொல்லப்போவது எல்லாம் அந்தக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான்.

நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, சிலோன் ரேடியோவின் தமிழ்ச் சேவை இரண்டு ஒரு பழைய பாட்டு நிலையமாக இருந்ததே இல்லை. (தமிழ்ச் சேவை ஒன்று தேசிய சேவை. சங்கீதம், உரை, நாடகம் எல்லாம் அங்கே. இரண்டு என்பதுதான் வர்த்தக சேவை.) அங்கே நேரத்துக்கு நேரம் பாட்டின் வயது மாறும். விடியப் பக்திப் பாட்டு. அப்புறம் பொங்கும் பூம்புனல். நேயர் விருப்பத்தில் முந்தாநாள் வந்த படமும் இருக்கும், உங்கள் அப்பம்மா பள்ளிக்கூடம் போன காலத்துப் பாட்டும் இருக்கும். படங்களுக்கு விளம்பர நிகழ்ச்சிகள் தனியாக வரும். இரவின் மடியில் என்றால் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கிற பாட்டு. ஆக, பழைய பாட்டு எங்கே வரும் என்று தெரிந்து காத்திருந்து கேட்டோம். நீங்கள் முந்நூறு கிழவர்களை ஒரே மண்டபத்தில் இருத்தியிருக்கிறீர்கள். அவர்களுக்குள் பேச என்ன இருக்கும்? ஒரு 1956க்குப் பக்கத்தில் ஒரு 1979 இருந்தால்தான் இரண்டும் காதில் விழும்.

அடுத்தது, அந்தக் கலைத்துப் போடும் பொத்தான். அதை நிறுத்துங்கள், மகள். என் கொப்பியில் ஒரு நிகழ்ச்சியின் நாலு பாட்டைப் பார்த்தால் போடுகிறவரின் மனம் தெரியும். ஆண் தனிக்குரல், பெண் தனிக்குரல், இருவர் பாட்டு, பிறகு ஒரு வேகமான பாட்டு. ஒரே பாடகரை அடுத்தடுத்து வைக்கவில்லை. ஒரே இசையமைப்பாளர் இரண்டு முறை வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அறிவிப்பாளர் அதைச் சொல்லியும் விடுவார். சில நாளில் நாலு பாட்டும் ஒரே சொல்லில் தொடங்கும். நிலவு என்று ஒரு நாள், கண் என்று ஒரு நாள். கடையில் நின்றவர்கள் ஐந்தாவதாக ஒன்றை அவர்களே பாடிக் காட்டுவார்கள். இதை நானும் கசெட்டில் செய்து பார்த்தேன். அடுக்கைப் பார்த்துப் பதிந்து கொடுத்தால், "அண்ணை, உங்கட கசெட்டுக்கு மட்டும் அலுப்பே வரேல்லை" என்று திரும்பி வந்தார்கள். லிஸ்ட்டில் உள்ள ஒழுங்கிலேயே பதியச் சொல்லி அடம்பிடித்தவர்களும் உண்டு. அவர்களுக்கு அப்படியே பதிந்து கொடுத்துவிடுவேன், வேறென்ன செய்ய.

சோகப் பாட்டைக் காலை ஏழு மணிக்குப் போடுகிறவனை நான் நம்பவே மாட்டேன். இது என் சொந்தச் சட்டம்.

இனி நேரக் கணக்கு. பழைய 78 சுற்று ரெக்கோட் பத்தங்குல அளவில் ஒரு பக்கம் மூன்று நிமிடமும் கொஞ்சமும்தான் ஓடும். அதனால் அந்தக் காலப் பாட்டே அந்த அளவுக்குள் எழுதப்பட்டது. நீளமான பாட்டென்றால் பாதி ஒரு பக்கம், மீதி மறுபக்கம். இப்போது இணையத்தில் கிடைக்கிறவற்றில் சிலதை நடுவில் கவனித்துக் கேளுங்கள். ஒட்டிய இடத்தில் கரகரப்பின் சத்தம் சட்டென்று மாறும். சரி, கணக்குக்கு வருவோம். மூன்று நிமிடம் இருபது விநாடிப் பாட்டு நாலு என்றால் பதின்மூன்று நிமிடம் இருபது விநாடி. கால் மணித்தியால நிகழ்ச்சியில் மிச்சம் ஒரு நிமிடம் நாற்பது விநாடி. விளம்பரம், பெயர், படம், வணக்கம் எல்லாம் அதற்குள். அவ்வளவு இறுக்கத்தில் பேசினதால்தான் ஒரு சொல்லும் வீணாகவில்லை. உங்களுக்கு இரண்டு மணித்தியாலம் வெறுமையாகக் கிடக்கிறது என்பதே முதல் ஆபத்து. அதை எட்டுக் கால் மணித்தியாலமாக வெட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வையுங்கள். ஆறே முக்காலுக்கு என்ன வரும் என்று அப்பம்மாவுக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் ஆறரைக்கே தேத்தண்ணி ஊற்றி வைப்பார்.

பாட்டின் மேல் பாட்டை ஏற்றுகிற வேலையையும் விடுங்கள். அந்தக் காலத்துப் பாட்டு நன்றாக முடிந்துதான் நிற்கும். கடைசியில் வாத்தியம் ஒரு வாக்கியம் சொல்லி முற்றுப்புள்ளி வைக்கும். உங்கள் மென்பொருள் அதையும் தின்கிறது, அடுத்த பாட்டின் முதல் வீணையையும் தின்கிறது. முடியவிடுங்கள். ஒரு மூச்சு விடுங்கள். பிறகு பேசுங்கள். சத்த அளவையும் காதால் கேட்டுச் சமப்படுத்துங்கள். ஐம்பதுகளின் பாட்டில் அடிச்சத்தம் குறைவு. எண்பதின் பாட்டு அதற்குப் பின்னால் வந்தால் வாசலை உதைத்துக்கொண்டு வருவதுபோல் இருக்கும்.

பேசுவதைப் பற்றி ஒன்று. படம், பாடியவர், இசை, இதோடு பாட்டை எழுதியவரையும் சொல்லுங்கள். எங்கள் அறிவிப்பாளர்கள் அதைச் சொல்லித்தான் எங்களுக்குக் கவிஞர்களின் பெயர் தெரியும். பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பை வைத்து ளகர ழகரம் படித்த பிள்ளைகள் கொழும்பில் எத்தனை பேர். ராஜேஸ்வரி சண்முகம் பேசினால் சொந்த அக்கா அடுப்படியில் நின்று கதைக்கிறதுபோல. கே.எஸ். ராஜா என்றால் மின்சாரம். மதுரக் குரலோன் என்று சும்மா சொல்லவில்லை. அந்த மனிதரையும் இந்தக் கொழும்பிலேயே கொன்றார்கள். ஆனால் தயவுசெய்து யாரைப் போலவும் பேசிப் பார்க்க வேண்டாம். எண்பதுகளில் ஒவ்வொரு கலியாண வீட்டு மைக்கிலும் ஒரு போலிக் கே.எஸ். ராஜா நின்றான். ஒருவனையும் சகிக்க முடியாது. நீங்கள் வெள்ளவத்தைப் பிள்ளை, அப்படியே பேசுங்கள்.

இன்னும் ஒன்று, இசையும் கதையும். நேயர் எழுதி அனுப்பிய கதையை வாசித்து, இடையிடையே கதைக்குப் பொருந்தும் பாட்டைப் போடுவார்கள். பெரும்பாலும் காதல் தோல்விதான், எழுதுகிறவர்களின் வயது அப்படி. கதை எப்படி இருந்தாலும், அடுத்து என்ன பாட்டு வரும் என்று கடையில் பந்தயமே நடக்கும். உங்கள் எட்டுத் துண்டில் ஒன்றை இதற்குக் கொடுக்கலாம். பதினொரு நேயரில் ஒருவராவது எழுத மாட்டாரா?

---

மருதானை தையல்கடை எழுதியது:

பழைய கொப்பி நானா எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சேன். எல்லாம் சரி, அந்தச் சோகப் பாட்டுச் சட்டத்தை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் வாப்பா மருதானையில் தையல் கடை வைத்திருந்தார். மூன்று மெஷின், ஒரு வெட்டு மேசை, சுவரில் தட்டு அடித்து அதற்கு மேல் பிலிப்ஸ் ரேடியோ. அதன் குமிழைத் தொட வாப்பாவைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. விடிய ஏழு மணிக்கு நல்ல சோகப் பாட்டு ஒன்று வந்தால் வாப்பாவுக்கு அன்றைக்குக் கை ஓடும். "அழுகிற பாட்டுக்குத்தான் தையல் நேரா விழும், ஆட்டப் பாட்டுக்குக் கால் மெஷினை மிதிக்கிற வேகம் கூடிப் போகும்" என்பார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வேகப் பாட்டு வந்தால் கடைப் பையன்களைப் பார்த்து "மெதுவா, மெதுவா" என்று கத்துவார். ஆகவே மகள், அடுக்கும்போது யார் எந்த வேலை செய்துகொண்டு கேட்கிறார்கள் என்றும் யோசியுங்கள். ஞாயிறு விடிய ஆறரைக்கு அப்பம்மா என்ன செய்வார்?

எங்கள் வீட்டில் முஸ்லிம் சேவையும் உண்டு. நோன்பு மாதத்தில் பின்னேரம் ஆனால் தெருவில் எந்த வீட்டைத் தாண்டினாலும் அதே குரல்தான் கேட்கும். பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்துக்குக் கை போகும். அது முடிந்த கையோடு ராத்தா (அக்கா) குமிழைத் திருப்பப் பார்ப்பார், உம்மா முறைப்பார். ஒரே பெட்டிதான், நேரத்துக்கு நேரம் வேற வீடு மாதிரி.

ராத்தாவைப் பற்றிச் சொன்னேன் இல்லையா. அவர் நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை எழுதுகிற ஆள். எழுத்து முத்து முத்தாக இருந்தால்தான் தெரிந்தெடுப்பார்கள் என்று யாரோ சொல்ல, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதுவார். தன் பெயர், தங்கச்சிமார் பெயர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், எங்கள் பூனைக்குட்டியின் பெயர்கூட ஒரு முறை போனது. கடைசியில் ஒரு நாள் ராத்தாவின் பெயர் வாசிக்கப்பட்டது. நான் கேட்டேன், வாப்பா கேட்டார், கடையில் அளவு கொடுக்க வந்து நின்ற ஆளும் கேட்டார். ராத்தா மட்டும் கேட்கவில்லை. சரியாக அந்த நேரம் பாண் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து யார் சொல்லியும் நம்பவில்லை. இன்றைக்கும் முழுசாக நம்பவில்லை, அறுபத்தெட்டு வயதாகிறது.

எனவே உங்கள் நிகழ்ச்சியில் பெயர் வாசியுங்கள். பதினொரு பேர் என்றால் பதினொரு பெயர், ஒரு நிமிடம்கூட ஆகாது. உண்மையான வானொலிக்கு இல்லாத வசதி உங்களுக்கு இருக்கிறது, எல்லோரையும் வாசித்து முடிக்கலாம்.

கொழும்பில் ஆங்கிலப் பழைய பாட்டுக்கென்று கோல்ட் எப்எம் இருக்கிறது. காரில் போகும்போது நான் அதைத்தான் போடுவேன். தமிழில் தென்றல் வானொலி இன்றைக்கும் ஓடுகிறது. அதையும் ஒரு வாரம் ஒழுங்காகக் கேட்டுவிட்டு உங்கள் அடுக்கை யோசியுங்கள்.

---

தாரணி_வெள்ளவத்தை எழுதியது:

அங்கிள்மார் இருவருக்கும், தேதி எல்லாம் தந்த சிற்றலை25க்கும் மிகவும் நன்றி. அப்பம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பூனைக்குட்டிக்குச் சிரித்தார். ரெக்கோடிங் பார் என்றதும், "சவோயடியில இருந்த பெடியனோ? மீசை வைச்ச பெடியன்?" என்று கேட்டார். நீங்கள்தானா அங்கிள்?

ஞாயிறு ஆறரைக்கு என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். கட்டிலில் இருந்தபடி காலுக்கு எண்ணெய் தேய்ப்பாராம். ஆகவே முதல் கால் மணித்தியாலத்துக்கு மெதுவான பாட்டுகள். தையல் கடைச் சட்டத்தையும் கொப்பிச் சட்டத்தையும் சேர்த்து, ஏழு மணிக்கு முன் ஒரே ஒரு சோகப் பாட்டு.

ஒரு சந்தேகம். வேறு என்ன குறைகிறது என்று கேட்டதற்கு, "நேரம் சொல்லவேணும்" என்கிறார். இப்போது யாரிடம் கைபேசி இல்லை? அதைச் சொல்லத்தான் வேண்டுமா?

---

பழைய கொப்பி எழுதியது:

மீசை வைத்த பெடியன் நான்தான். இப்போது மீசை மட்டும் இருக்கிறது, வெள்ளையாக.

நேரம் கட்டாயம் சொல்லுங்கள். எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூடு ரேடியோவைப் பார்த்துத்தான் திருத்தப்படும். செய்திக்கு முன் நேரம் சொல்லும்போது அப்பா கதிரையில் ஏறி நின்று, முள்ளில் விரல் வைத்துக் காத்திருப்பார். அதன் பிறகுதான் செய்தி. சற்சொரூபவதி நாதன் வாசித்தால் வீட்டில் யாரும் பாத்திரம்கூட வைக்க மாட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எந்தப் பாட்டு வரும்போது சப்பாத்துப் போட வேண்டும், கந்தோருக்குப் போகிறவர் எந்தப் பாட்டுக்கு ரயிலடிக்கு இறங்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. பாட்டுப் பெட்டி எத்தனை மணி என்று கவலைப்படாது. உங்கள் அப்பம்மா மூன்று வாரமாகச் சொல்ல முயன்றது இதைத்தானோ என்று இப்போது படுகிறது. கண் தெரியாதவருக்குச் சுவர் மணிக்கூட்டால் என்ன பயன், அதையும் யோசியுங்கள்.

---

தாரணி_வெள்ளவத்தை எழுதியது:

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

எட்டுத் துண்டாக வெட்டினேன். கலைத்துப் போடும் பொத்தானைத் தொடவில்லை. முப்பத்திரண்டு பாட்டை நானே அடுக்கினேன், அதற்கே மூன்று இரவு போனது. மூன்றாவது துண்டு முழுக்க மழையில் தொடங்கும் பாட்டு. நாலாவதற்குக் கிடைக்காமல் தூறலில் தொடங்கும் ஒன்றைப் போட்டுச் சமாளித்தேன். பாட்டு எழுதியவர் பெயர் ஆறு பாட்டுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதை அப்படியே சொன்னேன். உடனே ஒரு நேயர் இரண்டு பாட்டுக்கு எழுதி அனுப்பினார். பெயர் வாசித்தேன், பதின்மூன்று பேர் ஆகியிருந்தார்கள். மருதானை அங்கிள், உங்கள் ராத்தாவின் பெயர் ஏழு மணி பத்துக்கு வாசித்தேன். தயவுசெய்து அந்த நேரம் பாண் வாங்கப் போயிருந்தார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் நேரம் சொன்னேன். முடிந்ததும் அப்பம்மாவின் அறைக்குப் போனேன். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் எட்டு மணி என்று சொன்னபோது பக்கத்துப் பிள்ளையார் கோயில் மணி ஏற்கெனவே அடித்து ஓய்ந்துவிட்டதாம். "உன்ர ரேடியோ அரை நிமிசம் பிந்துது பிள்ளை" என்றார்.

அவர் சொன்னது சரி. இணைய ஒலிபரப்பில் சத்தம் போய்ச் சேர அரை நிமிடம்வரை தாமதம் ஆகிறது. அதைக் குறைக்க வழி தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் முதல் அரை நிமிடம் முந்தி மணி சொல்லப் போகிறேன்.